அனுசரித்துப் போவதா?

சென்ற ஆண்டு சூலைத் திங்களின் இறுதியில் ஒரு மாலை. வேளச்சேரி விசயநகர்ப் பேருந்து நிலையத்திற்கு அண்மையில் ஓர் அடுக்ககத்தின் மூன்றாம் மாடி. அவ்வீட்டுப் பிள்ளைக்குப் பொறியியல் கலந்தாய்வில் இடம் கிடைத்துவிட்டது. ஆனால் கிடைத்த இடம் சென்னையில் இல்லை. இரவெல்லாம் பேருந்தில் அமர்ந்து விடியற்காலையில் இறங்க வேண்டிய, தெற்கே உள்ள ஒரு சிற்றூர். வீட்டில் மகிழ்ச்சி பாதி, மயக்கம் பாதி. தாயார் பருப்புப் பொடியைப் புட்டியில் அடைத்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். தந்தையார் வாளி, பாய், பூட்டு, கொசுவலை என்று பட்டியல் எழுதுகிறார். உற்றாரும் அண்டை வீட்டாரும் வந்தவண்ணம் இருக்கின்றனர். வருகிறவர் ஒவ்வொருவரும் பிள்ளையின் தோளைத் தட்டி, சொல்லிவைத்தாற்போல் ஒரே அறிவுரையைத்தான் வழங்குகின்றனர்.

“புது ஊரு. அப்படி இப்படித்தான் இருக்கும். அனுசரிச்சுப் போப்பா.”

வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் சொன்னார். மளிகைக்கடை அண்ணாச்சி சொன்னார். பிள்ளையின் சித்தி தொலைபேசியில் சொன்னார். நாமும் அங்கே இருந்தோம். அந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்குச் சுருக்கென்றது. ஏனெனில், இதே வேளச்சேரியிலிருந்து பதினெட்டு வயதில் மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டவர்கள் நாம். நம் மூட்டையிலும் பருப்புப் பொடிக்குப் பக்கத்தில் அந்தச் சொல்லை வைத்துக் கட்டித் தந்தார்கள். பருப்புப் பொடி பத்து நாளில் தீர்ந்தது. அந்தச் சொல் மட்டும் நான்கு ஆண்டுகளும் தீரவே இல்லை. விடுதிக் காப்பாளர் சொன்னார், மூத்த மாணவர் சொன்னார், பேராசிரியர் சொன்னார், இறுதியில் நாமே நமக்குச் சொல்லிக்கொண்டோம்.

அனுசரித்தல் வடமொழி வழி வந்த சொல். பின்தொடர்தல் என்பதே அதன் வேர்ப்பொருள். முன்னே போகிறவன் எவன், எங்கே போகிறான், ஏன் போகிறான் என்று கேளாதே; அவன் பின்னே போ என்பதே அதன் உட்கிடை. ‘ஒத்துப் போ’ என்று தமிழில் மாற்றிச் சொன்னாலும் பொருளின் சுமை குறைவதில்லை. குப்பியின் மேல் நல்ல தமிழில் பெயர் எழுதிவிட்டால் உள்ளிருக்கும் நஞ்சு இனிக்குமா?

எதற்கு ஒத்துப் போவது, எதற்கு ஒத்துப் போகாமல் நிமிர்ந்து நிற்பது என்று பிரித்துச் சொல்லாமல் பிள்ளைகளை அனுப்பி வைப்பது, திசைகாட்டி இல்லாமல் கடலுக்கு அனுப்புவதற்கு ஒப்பாகும். அதைப் பற்றியே எழுதத் துணிந்தோம்.

முதலில், பட்டணத்துப் பிள்ளையின் முறையீட்டைக் கேட்போம். ஏனெனில் குற்றப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் நம் பெயரே இருக்கிறது.

‘அந்த ஊரில் என்ன இருக்கிறது?’ என்பதுதான் முதல் முறையீடு. ஒன்பது மணிக்குத் தெரு அடங்கிவிடுகிறது. திரையரங்கு ஒன்று, அதிலும் பழைய படம். பேருந்து மணிக்கு ஒன்று. தண்ணீர் உப்பு. விடுதிச் சாப்பாட்டில் சாம்பார் எது, இரசம் எது என்று கண்டுபிடிக்க ஆராய்ச்சி தேவை. ‘டேய் மெட்ராசு’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். நாமும் இவற்றையெல்லாம் சொல்லி அழுதவர்களே! வெள்ளிக்கிழமை மாலையானால் பையைத் தூக்கிக்கொண்டு சென்னைப் பேருந்துக்கு ஓடியவர்களே! அறையில் உடன் தங்கிய தோழன் ‘அங்கிட்டு’, ‘இங்கிட்டு’ என்று பேசியபோது வாயைப் பொத்திச் சிரித்தவர்களே! அவன் ஆங்கிலத்தில் ஒரு சொல்லைத் தப்பாக உச்சரித்தால், அதை ஒரு வாரம் வைத்து விளையாடியவர்களே!

அந்தச் சிரிப்பு பட்டறை வகுப்பில் அடங்கியது. இரும்புத் துண்டை வைசில் இறுக்கி, அரத்தால் தேய்த்து, நான்கு பக்கமும் சதுரமாக்க வேண்டும். இரண்டு மணி நேரம் தேய்த்தோம். உள்ளங்கை கொப்பளித்தது, இரும்பு கோணலாகவே இருந்தது. நம்மால் நகையாடப்பட்ட தோழன் கொல்லுலைக்காரரின் மகன். முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு, மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தான். ஒளிக்கீற்று ஒன்றும் நுழையவில்லை. பிறகு நம்மிடம் வந்து, “அரத்த அமுக்காத மாப்ள, தள்ளு. வரும்போது சும்மா வரட்டும்” என்று கற்றுக்கொடுத்தான். நாம் அவனுடைய உச்சரிப்பை நகையாடியது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் கற்றுக்கொடுத்தான். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. கொப்பளத்தின் எரிச்சல் மட்டுமா காரணம்?

பட்டணத்தான் என்று மார்தட்டுகிறோமே, நம் வேளச்சேரி என்றைக்குப் பட்டணமாயிற்று? நம் பாட்டன்மார் காலத்தில் ஏரியும் வயலும் சூழ்ந்த சிற்றூர். பறக்கும் தொடர்வண்டி இங்கே வந்தது 2007 இல். பேரங்காடி திறந்தது 2013 இல். 2015 திசம்பரில் மழை பெய்தபோது, தான் இருந்த இடத்தை ஏரி நினைவுபடுத்தியது. மகிழுந்து நின்ற தெருக்களில் படகு சென்றது. நேற்றுவரை நாற்று நட்ட ஊர், இன்று நாற்று நடும் ஊரைப் பார்த்து நகைப்பது எத்துணை வேடிக்கை!

ஊர்ப் பெயரைப் பற்றியும் ஒரு சொல். வேளச்சேரி என்பது ‘வேதச்சிரேணி’ என்பதன் திரிபு என்று தலபுராணம் பேசுவோர் உண்டு. எதற்கு இந்தப் பாடு? பெயரின் முடிவில் ‘சேரி’ என்று இருப்பது சிலருக்கு உறுத்துகிறது போலும்! பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, பார்ப்பனர் வாழ்ந்த அவ்வூரின் பகுதிகளையே சேரி என்று குறிக்கிறது. சேர்ந்து வாழும் இடம் சேரி. அச்சொல்லை ஒதுக்கப்பட்டோர் தலையில் கட்டிவிட்டு அருவருத்தது பிற்காலம். இன்று சேரி என்று முடியும் ஊரில் கோடி கொடுத்து அடுக்ககம் வாங்குகிறவர், வேறோர் ஊரில் சேரிப் பக்கம் காலெடுத்து வைக்க மாட்டார். இந்த முரண்பாட்டைத் தாங்கிக்கொண்டுதான் நம் ஊரின் பெயர்ப்பலகை நிற்கிறது.

‘சிற்றூர்க் கல்லூரியில் என்ன படிப்பு இருக்கும்?’ என்போர்க்குச் சில செய்திகள். கும்பகோணம் அரசுக் கல்லூரி தொடங்கியது 1854 இல். உ.வே.சாமிநாதர் 1880 முதல் 1903 வரை அங்கேதான் தமிழாசிரியர். அவரைச் சீவக சிந்தாமணியின் பக்கம் திருப்பிய சேலம் இராமசாமி முதலியாரை அவர் கண்டதும் அந்தச் சிற்றூரில்தான். சமண காப்பியம் 1887 இல் அச்சேறிய கதை சென்னையின் மாட மாளிகையில் பிறந்ததன்று. அதே கும்பகோணம் கல்லூரிதான் கணித மேதை இராமானுசனின் உதவித்தொகையைப் பறித்தது என்பதையும் மறைக்கமாட்டோம். ஆனால் பிறகு அவர் வந்து சேர்ந்த சென்னையின் பச்சையப்பன் கல்லூரியிலும் தேர்வில் தேறவில்லை! பட்டணமும் சிற்றூரும் அந்த மட்டில் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகளே.

காரைக்குடிப் பொட்டலில் அழகப்பர் தம் செல்வத்தைக் கொட்டிக் கல்லூரிகளை எழுப்பினார். நிலமும் பணமும் கொடுத்து நடுவண் மின்வேதியியல் ஆய்வகத்தையும் 1948 இல் அவ்வூருக்குக் கொண்டுவர வழிசெய்தார். சிதம்பரத்தருகே 1929 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்தது. நாவலர் நெடுஞ்செழியனும் பேராசிரியர் அன்பழகனும் படித்துப் பட்டம் பெற்றது அங்கேதான். அண்ணா பயணம் செய்தது எதிர்த் திசையில்: காஞ்சியிலிருந்து சென்னைப் பச்சையப்பன் கல்லூரிக்கு. பட்டணத்தைப் பார்த்து மருண்ட சிற்றூர்ப் பிள்ளைகளின் வரிசை மிக நீண்டது. அவர்களுள் எவரும் ‘இங்கே என்ன இருக்கிறது’ என்று கேட்டதாக நாம் அறியோம். 2021-22 ஆம் ஆண்டின் உயர்கல்விக் கணக்கெடுப்பில், பதினெட்டு முதல் இருபத்து மூன்று வயதுவரை உள்ளவர்களின் சேர்க்கை விகிதம் இந்திய அளவில் 28.4 ஆக இருந்தபோது தமிழ்நாட்டில் 47 ஆக இருந்தது. இந்த வேறுபாடு சென்னையின் நான்கைந்து பெரிய கல்லூரிகளால் வந்திருக்க முடியுமா? ஊருக்கு ஊர் கல்லூரி எழுந்ததன் விளைவு அது.

ஆகவே, உப்புத் தண்ணீருக்கும் உறைப்புச் சாம்பாருக்கும் ஒத்துப் போ, தோழனே! ஒன்பது மணி இருட்டுக்கு ஒத்துப் போ! ‘அங்கிட்டு’க்கு ஒத்துப் போவதோடு நில்லாதே, அதை நீயும் பேசு! நாம் இன்றைக்கும் பேசுகிறோம். வேளச்சேரியில் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

இனி, மற்றதற்கு வருவோம்.

நாம் அந்த ஊரில் இறங்கிய முதல் வாரம். விடுதிக்கு எதிரே தேநீர்க் கடை. கடைக்காரப் பெரியவர் அன்பானவர். கடன் கொடுக்கத் தயங்காதவர். கண்ணாடிக் குவளையை நீட்டியபடி கேட்டார்:

“தம்பிக்கு எந்த ஊரு?”

“சென்னைங்க. வேளச்சேரி.”

“அது சரி. சொந்த ஊரு?”

“அதாங்க.”

“அப்பாவுக்குப் பூர்வீகம்?”

சொன்னோம்.

“அந்தப் பக்கம் எந்தத் தெரு?”

தெருவைக் கேட்டால் போதும், தெரிந்துவிடும். ஊருக்குள் எந்தத் தெரு என்பதில் ஆயிரம் ஆண்டு வரலாறு அடங்கியிருக்கிறது. நமக்கு அது அன்று விளங்கவில்லை. தெருப் பெயர் தெரியாது என்றோம். பெரியவர் சிரித்துவிட்டு, நேரடியாகவே கேட்டார்: “நீங்க என்ன ஆளுக?”

பதினெட்டு ஆண்டுகள் சென்னையில் வளர்ந்த நம்மிடம், முகத்துக்கு நேரே கேட்கப்பட்ட முதல் சாதிக் கேள்வி அது. கொதித்தோம். அறைக்குத் திரும்பி, ‘என்ன காட்டுமிராண்டி ஊர் இது! எங்கள் சென்னையில் இப்படி ஒருவராவது கேட்பார்களா?’ என்று முழங்கினோம். அரம் பிடிக்கக் கற்றுத் தந்த தோழன் அமைதியாகக் கேட்டான்: “உங்க ஊருல வாடகைக்கு வீடு பாத்திருக்கியா?”

பார்த்ததில்லை. பிறகு பார்த்தோம். படிப்பு முடிந்து, வேலை கிடைத்து, அதே தோழனுக்காக அதே வேளச்சேரியில் வீடு தேடி அலைந்தபோது பார்த்தோம். ‘சைவ உணவினர்க்கு மட்டும்’ என்று அட்டை தொங்குகிறது. வீட்டுக்காரர் சாதியைக் கேட்பதில்லை, நாகரிகம் அறிந்தவர்! ‘நான்வெஜ் சாப்பிடுவீர்களா?’ என்று மட்டுமே கேட்கிறார். ‘முழுப் பெயர் என்ன?’ என்று மட்டுமே கேட்கிறார். ‘அப்பா என்ன செய்கிறார்?’ என்று மட்டுமே கேட்கிறார். பிறகு, ‘வேறொருவருக்குச் சொல்லிவிட்டோம், தப்பாக நினைக்காதீர்கள்’ என்று கைகூப்புகிறார். ஒன்பது வீடுகளில் ஒன்பது கைகூப்பல்கள்! தேநீர்க் கடைப் பெரியவர் கேட்டார், கேட்டபின் தேநீரும் தந்தார். பட்டணத்துக்காரர் கேட்கவும் இல்லை, கதவைத் திறக்கவும் இல்லை. இவ்விரண்டில் எது கொடிது என்று நம்மைக் கேட்டால், இரண்டும் ஒரே மரத்தின் காய்; ஒன்று தோலோடு இருக்கிறது, மற்றொன்று தோலுரித்துத் தட்டில் வைக்கப்பட்டிருக்கிறது என்போம்.

தோலுரித்த காயைத் தின்று வளர்ந்தவன், தோலோடு கண்டதும் அதிர்ந்துபோகிறான். அப்பொழுதுதான் ‘அனுசரித்துப் போ’ என்னும் குரல் கேட்கிறது. அவர்கள் ஊர் வழக்கம் அப்படி, உனக்கென்ன, நான்கு ஆண்டு படித்துவிட்டு வந்துவிடு என்கிறது.

இந்தக் குரல் புதியதா? நூறாண்டுக்கு முன்பே கேட்ட குரல். திருநெல்வேலிச் சீமையில் பொருநைக் கரையிலுள்ள சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் ஒரு குருகுலம் நடத்தினார். நாட்டு விடுதலைக்கு இளைஞரை ஆயத்தம் செய்யும் கல்விக்கூடம் என்று பேர். தமிழ்நாடு காங்கிரசு பத்தாயிரம் ரூபாய் தருவதாக ஒப்பி, ஐயாயிரம் தந்தது. எல்லாச் சாதியாரும் கொடுத்த பணம் அது. அங்கே பார்ப்பனச் சிறுவர் இருவர்க்குத் தனிப் பந்தி! ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் மகன் அங்கே படித்தான். அந்தப் பிள்ளை மூலமே செய்தி வெளியே வந்தது என்பர். அந்த ஓமந்தூராரே பின்னாளில், 1947 இல், சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானார். பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் 1925 இல் இதை எதிர்த்து நாட்டையே கிளர்ந்தெழச் செய்தனர்.

அப்போது சமரசம் பேசியவர்கள் என்ன சொன்னார்கள்? ‘இரண்டே இரண்டு பிள்ளைகள், அவர்களின் பெற்றோர்க்கு வாக்குக் கொடுத்தாயிற்று, அவர்கள் மட்டும் தனியாக உண்ணட்டும், இனிமேல் அப்படிச் சேர்க்க வேண்டா’ என்றார்கள். காந்தியாரின் அறிவுரையும் ஏறத்தாழ அதுவே. கேட்பதற்கு எவ்வளவு நயமாக இருக்கிறது! இரண்டு பிள்ளைகள்தாமே! ஆனால் அந்த இரண்டு இலைகளைப் பார்த்துக்கொண்டு மற்றப் பந்தியில் அமர்ந்திருந்த பிள்ளைகள் எத்தனை பேர்? நாடோறும் வேளைக்கு வேளை, சோற்றோடு சேர்த்து அவர்கள் எதை உண்டார்கள்? அதை எண்ணிப் பார்த்தவர்கள் அனுசரித்துப் போகவில்லை. அனுசரித்துப் போகாததன் விளைவுகளுள் ஒன்றுதான், நாம் இன்று எந்த விடுதியிலும் எவருடனும் ஒரே பந்தியில் அமர்ந்து, சாம்பார் சரியில்லை என்று ஒன்றாகக் குறைகூற முடிவது.

அதே திருநெல்வேலிச் சீமை. 2023 ஆகத்து 9. நாங்குநேரியில், பட்டியலினத்தைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர், உடன் படித்த மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். வெட்டியவர்கள் வளர்ந்த கயவர்கள் அல்லர். பள்ளிச் சீருடை அணிந்த பிள்ளைகள்! அந்த மாணவர் காயங்களோடு படித்து, 2024 இல் பொதுத்தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் பெற்றார். இதன்பின் அமைக்கப்பட்ட நீதிநாயகம் சந்துருவின் ஒருநபர் குழு 2024 சூனில் அறிக்கை தந்தது. மாணவர் கையில் சாதி நிறக் கயிறு கூடாது, சாதி காட்டும் மோதிரம் கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது என்றெல்லாம் அது பரிந்துரைத்தது. உடனே கூச்சல் எழுந்தது. கயிற்றில் என்ன இருக்கிறது, அது நம்பிக்கை, அதை ஏன் அவிழ்க்கச் சொல்கிறீர்கள் என்றார்கள் சிலர். கயிற்றில் ஒன்றும் இல்லை என்றால் அவிழ்த்தால்தான் என்ன? ஒன்றுமில்லாத கயிற்றுக்கு ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு நிறம் எதற்கு?

பட்டணத்துப் பிள்ளை கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள், ஒருவன் தோழமையோடு வந்து ஒரு கயிற்றை நீட்டுவான், ‘நம்மாளு’ என்பான். தனிமையில் தவிக்கும் பிள்ளைக்கு அந்த ‘நம்’ இனிக்கும். அங்கேதான் அவன் விழுகிறான். முறைத்துப் பார்க்கும் சாதியைவிட, அணைத்துக்கொள்ளும் சாதி ஆயிரம் மடங்கு இடர் மிகுந்தது. நம்மில் ஒருவன் அந்தக் கயிற்றைக் கட்டிக்கொண்டான். ஒரு பருவம் முழுவதும் கட்டியிருந்தான். அவன் கெட்டவன் அல்லன். தனியாக உண்ண அஞ்சினான், அவ்வளவே.

அடுத்தது, ராகிங் என்னும் பகடிவதை. இதற்கும் வக்காலத்து வாங்குவோர் உளர். கூச்சம் போகுமாம்! அம்மா பிள்ளை ஆண்பிள்ளை ஆவானாம்! பட்டணத்துத் திமிர் அடங்குமாம்! மூத்தவர் இளையவர் உறவு மலருமாம்!

1996 நவம்பர். அண்ணாமலைநகரில் முதலாண்டு மருத்துவம் படித்த நாவரசு என்னும் இளைஞர். அவர் தந்தையார் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த பொன்னுசாமி. பல்கலைக்கழகங்களையே ஆளும் பொறுப்பிலிருந்தவரின் மகன், சேர்ந்த சில திங்களில் மூத்த மாணவர் ஒருவரால் கொலை செய்யப்பட்டார். வழக்கு நடந்தது. கடலூர் நீதிமன்றம் 1998 இல் தண்டித்தது. உயர் நீதிமன்றம் 2001 இல் விடுவித்தது. உச்ச நீதிமன்றம் 2011 இல் தண்டனையை மீண்டும் நிலைநாட்டியது. பதினைந்து ஆண்டுகள்! அந்தப் பிள்ளை உயிரோடிருந்தால் அதற்குள் மருத்துவராகி எத்தனை உயிர்களைக் காத்திருப்பார்!

அக்கொலையின் அதிர்ச்சியில் தமிழ்நாடு அரசு முதலில் அவசரச் சட்டமும், 1997 இல் ராகிங் தடைச் சட்டமும் கொண்டுவந்தது. இரண்டாண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை தண்டம், குற்றவாளிக்குக் கல்லூரியிலிருந்து நீக்கம். 2009 இல் இமாசலத்தில் அமன் கச்ரு என்னும் மருத்துவ மாணவர் மாண்டபின், பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுமைக்கும் விதிகள் வகுத்தது. அன்றுமுதல் ஒவ்வோர் ஆண்டும் பிள்ளையும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரத்தில் ஒப்பமிடுகின்றனர். தாள் நிரம்புகிறது. வதை நின்றதா?

சட்டம் வந்து ஆண்டுகள் பல கழிந்தபின்பே நாம் விடுதிக்குச் சென்றோம். எந்த விடுதி என்பது வேண்டா. எல்லா விடுதிகளிலும் அந்த மொட்டை மாடி உண்டு. இரவு பதினொரு மணிக்கு வரச் சொன்னார்கள். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். குழல் விளக்குக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்கள், சொன்னோம். ‘மெட்ராசுத் தமிழில் உங்கள் அம்மாவைத் திட்டிக் காட்டு’ என்றார்கள். தயங்கியவனுக்கு அறை விழுந்தது. மறுநாள் காலை விடுதிக் காப்பாளரிடம் சென்றோம். அவர் நல்ல மனிதர்; நமக்காக வருந்தினார். வருந்திவிட்டு, “புகாரெல்லாம் எழுதிக் கொடுத்தா பெருசாயிடும் தம்பி. ரெண்டு வாரம் அனுசரிச்சுப் போங்க, அவங்களே உங்களுக்கு அண்ணன் மாதிரி ஆயிடுவாங்க” என்றார்.

அவர் சொன்னது பலித்தது. அவர்கள் அண்ணன்மார் ஆனார்கள். பழைய குறிப்பேடுகள் கொடுத்தார்கள், தேர்வுக்கு உதவினார்கள், பிறந்தநாளுக்குப் பிரியாணி வாங்கித் தந்தார்கள். மறு ஆண்டு ஆடித் திங்களில், புதிதாக வந்த பிள்ளைகளை மொட்டை மாடிக்கு வரச் சொன்னவர்கள் யார் தெரியுமா?

நாம்தான்.

அன்று நம் முன்னே நின்ற பிள்ளைகளுள் ஒருவன், ஏதோ ஒரு மலையடிவாரத்து ஊரிலிருந்து வந்தவன், அழவில்லை, கெஞ்சவில்லை. “அண்ணே, இத ஏன் செய்யணும்? காரணம் சொல்லுங்க, செய்றேன்” என்றான். காரணம்! பகுத்தறிவு பேசும் ஏடுகளைப் படித்தவர்கள் நாம். ‘ஏன், எதற்கு என்று கேள்’ என்று ஊருக்கு உரைத்தவர்கள் நாம். அந்தப் பிள்ளை கேட்ட ஒற்றைக் கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை. நமக்குச் செய்தார்கள், ஆகவே உனக்குச் செய்கிறோம் என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. அதைத்தானே ஐதிகம் என்கிறான் புரோகிதன்? அதைத்தானே வழக்கம் என்கிறான் பண்ணையார்? நாம் கூட்டத்தைக் கலைத்துவிட்டு இறங்கினோம். மன்னிப்புக் கேட்டதாகச் சொல்ல ஆசைதான், உண்மையில் கேட்கவில்லை. இறங்கிப் போய்ப் படுத்துக்கொண்டோம்.

பெண்பிள்ளைகளின் நிலை வேறு வகை. வேளச்சேரியில் வளர்ந்த பெண், தரமணியில் பயிற்சி வகுப்பு முடிந்து இரவு ஒன்பது மணிக்குத் தனியே தொடர்வண்டியேறி வீடு வருகிறாள். அவளே சிற்றூர்க் கல்லூரிக்குச் சென்றால், மாலை ஆறு மணிக்கு விடுதிக் கதவு சாத்தப்படுகிறது. ஆண்கள் விடுதியின் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா என்பதே ஐயம்! நூலகம் எட்டு மணி வரை திறந்திருக்கும், யாருக்காக? ‘உங்கள் பாதுகாப்புக்காகத்தான்’ என்கிறார்கள். திருடனை வெளியே உலவவிட்டுவிட்டு, பொருளைப் பூட்டி வைப்பது பாதுகாப்பு என்றால், அந்தக் கணக்கில் பெண் பொருளாகத்தானே இருக்கிறாள்? இதற்கும் அனுசரித்துப் போ என்கிறார் வீட்டிலிருந்து பேசும் தாயார். அந்தத் தாயாரை நாம் குறை கூறோம். அவர் அனுசரித்துப் போன ஆண்டுகளைக் கணக்கெடுத்தால் நம் தலை தானே குனியும்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நினைக்கும்போதெல்லாம் நாவரசுக்கு முன்னே நம் நெஞ்சில் எழும் பெயர் இன்னொன்று. 1965 சனவரி 27 இல், இந்தித் திணிப்பை எதிர்த்துச் சென்ற மாணவர் கூட்டத்தின்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் அங்கே மாண்ட மாணவர் இராசேந்திரன். அவருக்கும் படிக்கப் போன இடத்தில் படித்துவிட்டு வா என்று எவரேனும் சொல்லியிருப்பர். பட்டணத்திலிருந்து வெகு தொலைவில், ஒரு சிற்றூரின் பக்கத்தில் நின்றுதான் அந்தத் தலைமுறை ‘மாட்டோம்’ என்றது. சிற்றூர் அடக்கம் கற்பிக்கும் இடம் என்று எண்ணிப் பிள்ளையை அனுப்புகிற பெற்றோர்க்கு இது நினைவிருக்கட்டும்.

அந்த அடுக்ககத்துப் பிள்ளை புறப்பட்ட நாளில் நாமும் கிளாம்பாக்கம் வரை உடன் போனோம். 2023 திசம்பரில் அந்த நிலையம் திறந்ததிலிருந்து, தெற்கே போகும் வண்டியைப் பிடிக்க வேளச்சேரிக்காரன் முதலில் ஊரைவிட்டே வெளியேற வேண்டியிருக்கிறது! வழியில் வங்கிக்காரர் தொலைபேசியில் மீண்டும் ஒருமுறை தம் அறிவுரையை வழங்கினார். பிள்ளை, ‘சரி மாமா, சரி மாமா’ என்றான்.

நாம் ஒரு துண்டுத் தாளில் 1800-180-5522 என்று எழுதி அவன் சட்டைப் பையில் வைத்தோம். ராகிங் குறித்துப் புகார் செய்வதற்கான நாடளாவிய எண் அது. கயிறு நீட்டுவான் ஒருவன், வாங்காதே என்றோம். மொட்டை மாடிக்கு நீ போகாதே. அடுத்த ஆண்டு எவனையும் கூப்பிடாதே என்றோம். அவன் தலையாட்டிக்கொண்டே இருந்தான். பிறகு தயங்கிக் கேட்டான்:

“சாப்பாடு எப்படிண்ணே இருக்கும்?”

“மோசமா இருக்கும்,” என்றோம். “சாப்பிடு.”

வண்டி நகர்ந்தது. அவன் தாயார் சன்னலோரமாக நான்கடி நடந்துகொண்டே ஊறுகாய்ப் புட்டியை நீட்டினார். அவன் கைநீட்டி வாங்கிக்கொண்டான்.